கிராஃபீன்: செப்பிலிருந்து பெயர்த்தெடுப்பதே பெரும்பாடு

கரியணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல ஒரே அடுக்காகப் பின்னியமைந்த படலம் கிராஃபீன். பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து அதை உரித்தெடுத்து, 2004ஆம் ஆண்டு அறிவித்தனர். 2010இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாடாவில் கிடைப்பவை நுண்ணிய துணுக்குகள் மட்டுமே. அகன்ற படலத்துக்கான வழியை 2009இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். சுமார் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில், மெல்லிய செப்புத் தகட்டின் மீது மீத்தேன் வாயுவைச் செலுத்தி அதை வளர்த்தனர்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மின்னணுக் கருவி செய்ய வேண்டுமாயின், படலத்தைச் சிலிக்கான் ஆக்சைடு போன்ற மின்காப்புப் பரப்புக்கு மாற்றியாக வேண்டும்.

வழக்கமான முறையில் கிராஃபீன் மீது அக்ரிலிக் வகைப் பாலிமர் பூசப்படுகிறது. பின்னர் பெர்ரிக் குளோரைடு அல்லது அம்மோனியம் பெர்சல்பேட் கரைசலில் செப்பு கரைக்கப்படுகிறது. மிதக்கும் படலத்தைத் தூய நீரில் அலசி, சிலிக்கான் வில்லையால் அடியிலிருந்து ஏந்தி எடுக்கின்றனர். பாலாடையைக் கிழியாமல் தட்டில் ஏந்துவது போன்ற வேலை இது. உலர்ந்தபின் அசிட்டோன் பாலிமரைக் கரைக்கிறது.

ஆனால் முழுவதுமாகக் கரைப்பதில்லை. எஞ்சும் பாலிமர் கறை பல இடங்களில் கிராஃபீனைவிடத் தடிமனானது. அது எலக்ட்ரான்களின் ஓட்டத்தைத் தடுமாறச் செய்கிறது. அடியில் சிக்கிய நீர் வெளியேறும்போது சுருக்கங்களும் கிழிசல்களும் உண்டாகின்றன. இரும்பு, செப்பு ஆகியவற்றின் மிச்சங்களோ இன்னும் மோசம். சிலிக்கான் சில்லுத் தொழிற்சாலைகள் அத்தகைய உலோகக் கறையைச் சகித்துக்கொள்வதே இல்லை.

மாற்று வழிகள் பல வந்துள்ளன. தென்கொரிய ஆய்வாளர்கள் 2010இல், சூடேற்றினால் பிடி விடும் நாடாவையும் உருளைகளையும் கொண்டு 30 அங்குலப் படலத்தை மாற்றினர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2011இல், மின்பகுப்பில் எழும் ஹைட்ரஜன் குமிழிகளால் படலத்தைப் பிரித்தனர். செப்புத் தகட்டை மீண்டும் பயன்படுத்த இது வழிசெய்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019இல் பாலிமருக்குப் பதிலாகப் பாரஃபின் மெழுகைப் பூசினர். வெப்பத்தில் மெழுகு விரிவதால் சுருக்கங்கள் நீங்கின.

2023இல் மான்செஸ்டர் குழுவினர் பாலிமரையே ஒதுக்கிவிட்டு, உலோகம் பூசிய சிலிக்கான் நைட்ரைடு சவ்வுகளால் இத்தகைய படலங்களை எடுத்து அடுக்கினர். தூய்மையைப் பொறுத்தவரை இதுவே நேரான வழி எனலாம். ஆனால் உருளைகளின் வேகத்துக்கு அது ஈடாகாது.