பாரியா? பரியா? சிங்கைத் தமிழர் பெயர்களும் எழுத்துக்கூட்டலும்

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் நடந்தது இது. பிள்ளைகளிடம் அவரவர் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு சிறுவன் 'பரி' என்று எழுதித் தந்தான். பதிவேட்டில் ஆங்கில எழுத்துகளில் இருந்த அவன் பெயரை நான் 'பாரி' என்றே படித்து வந்திருந்தேன். ஐயம் எழவே, பள்ளிக்கு வந்த தந்தையிடம் கேட்டேன். "பாரி வள்ளல் நினைவாகத்தான் வைத்தோம், சார். ஆனால் வீட்டில் தமிழில் எழுதிப் பார்த்ததில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்து அவனாகவே எழுதியிருப்பான்" என்றார். முல்லைக்குத் தேரையே ஈந்த வள்ளல், அத்தேரை இழுக்கும் குதிரையாகிவிட்டான்!

அப்போது சிரித்துவிட்டேன். பிறகு வேறு சில பெயர்களையும் எண்ணிப் பார்த்தேன். பதிவேட்டின் ஆங்கிலத்தை மட்டும் கொண்டு பார்த்தால், மாறனா மாரனா, வாணியா வானியா, கனியா கணியா என்று எந்த ஆசிரியராலும் உறுதி கூற இயலாது. அன்று முதல் குழந்தைப் பெயர்களைப் பற்றிச் சில கருத்துகள் என்னுள் உறுதிப்பட்டன. அவை பலருக்கு உவப்பானவை அல்ல. ஆசிரியர் ஓய்வறையில் சொன்னால் மறுக்கிறார்கள். பெற்றோர் சந்திப்பில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆயினும் வரலாறு எனக்குத் துணை நிற்கிறது என நம்புவதால் எழுதத் துணிகிறேன்.

முதற் கருத்து: தமிழ்ப் பெயருக்குச் 'சரியான' ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று ஒன்று இல்லை.

1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலியவர் அவரே. ஆங்கில ஏடுகளிலோ அவர் 'நரைனா பிள்ளை' ஆனார். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பதிவாயிற்று. தேக்கா வட்டாரத்து 'ஹிண்டூ' சாலையின் பெயர்ப் பலகை இன்றும் இரண்டு 'ஓ' எழுத்துகளைச் சுமந்து நிற்கிறது. அக்கால ஆங்கிலேயரின் எழுத்து வழக்குக்கு அது சான்று.

அவர்கள் நம் அகரத்தைக் குறிக்கப் பலவிடங்களில் 'யூ' என்னும் எழுத்தைக் கையாண்டனர். 'கட்', 'பட்' போன்ற ஆங்கிலச் சொற்களில் அவ்வெழுத்து அகர ஓசை தருவதே காரணம். பஞ்சாப் என்ற பெயரை இன்றளவும் அப்படித்தான் எழுதுகிறோம். சண்முகம் என்ற பெயர் இருவேறு வடிவம் கொண்டதும் இதனால்தான். 1988 முதல் 2008 வரை சட்ட அமைச்சராக இருந்த பேராசிரியர் ஜெயக்குமாரின் தந்தை பெயர் சண்முகம். அதில் முதல் அகரத்துக்கு 'யூ'. அவரையடுத்து 2008இல் அப்பொறுப்பை ஏற்றவரின் பெயரும் சண்முகம், அதில் 'ஏ'. 2023இல் அதிபரான தர்மன் சண்முகரத்தினத்தின் பெயரிலும் 'ஏ'.

இரத்தினத்தின் கதையும் இவ்வாறே. 1966இல் நம் தேசிய உறுதிமொழியை வரைந்த ராஜரத்தினமும், 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்ற ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். ஒருவர் பெயரில் 'ரத்தினம்' தொடங்குமிடத்தில் 'ஏ', மற்றவர் பெயரில் 'ஈ'. யார் எழுதியது பிழை? எவரும் பிழை செய்யவில்லை. தமிழில் எழுதினால் வேறுபாடு மறைந்துபோகிறது. அதுவே நாம் நினைவில் கொள்ள வேண்டியது.

எழுத்துக்கூட்டலை ஆணையிட்டுச் சீராக்கும் முயற்சிகளும் நடந்தன. 1982இல் தேக்கா சந்தை புதிய கட்டடத்துக்கு மாறியபோது மாண்டரின் ஒலிப்பைத் தழுவி 'சூச்சியாவ் நிலையம்' எனப் பெயரிட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எவர் நாவிலும் அப்பெயர் நிலைக்கவில்லை. 2000இல் 'தேக்கா நிலையம்' என்ற பெயரே மீண்டது. தமிழ்நாட்டில் 2020 ஜூன் மாதம் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றும் ஆணை வெளிவந்தது. வேலூருக்குத் தரப்பட்ட புதிய வடிவத்தை மக்கள் 'வீலூர்' என்று படித்து நகைத்தனர். அம்மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே, பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டா. அது அவர் இந்தத் தீவில் கால்வைத்த காலத்தின் சுவடு.

இரண்டாம் கருத்து இன்னும் கசப்பானது: பெயரின் தமிழ்த்தன்மையை வேர்ச்சொல்லை மட்டும் கொண்டு அளக்கலாகாது.

தனித்தமிழ் இயக்கத்தின் தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சூரியநாராயண சாஸ்திரி (1870–1903) பரிதிமாற் கலைஞர் ஆனார். சுவாமி வேதாசலம் 1916இல் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகவும், இராமையா அன்பழகன் ஆகவும் மாறியது அந்த அலையின் தொடர்ச்சியே. அந்த அலை இல்லையேல் இன்று நம் வகுப்புகளில் கயல்விழியும் இளமாறனும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியை எண்ணிப் பாருங்கள். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டவர் அவர். அவருடைய பெயர் வடமொழி, திருமாலின் பெயர். சீர்திருத்தவாதியாகிய அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தின் பெயரையும் பாருங்கள். 'உமர்' என்னும் அரபுப் பெயர் உகரம் ஏற்று 'உமறு' என்றாகித் தமிழ்ப் புலவரின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. நாவில் பழகிய பெயரை எவர் அயற்பெயர் என்பார்?

மறுபுறம், நம் பாட்டிமாரின் பெயர்கள் எங்கே போயின? கறுப்பாயி, மூக்காயி, குப்பம்மாள், பிச்சை. அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், பிறந்த சிசுவைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயரிட்டாள். தெய்வத்திடம் இரந்து பெற்றதாகச் சொல்லிப் பிச்சை என்றழைத்தாள். மூக்குக் குத்தி மூக்காயி என்றாள். இப்பிள்ளையையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்ற ஏக்கமே அப்பெயர்களின் பொருள். நாம் புரட்டும் பெயர்ப் பட்டியல்களில் சங்க கால மன்னர் இருக்கின்றனர்; இவர்கள் இல்லை. இப்பெயர்களை இன்று பிள்ளைகளுக்குச் சூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பூட்டியின் பெயரைக் கேட்டு ஒரு பிள்ளை நகைக்கும்போது, அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன்.

மூன்றாம் கருத்து எண்கணிதம் பற்றியது. நம்மவர் பலர் கையாளும் எண் அட்டவணை, அயர்லாந்தில் பிறந்த கீரோ (1866–1936) என்பவர் தம் நூல்களால் பரப்பியது. அதில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண்கள் உண்டு. நம் 247 எழுத்துகளில் ஒன்றுக்கேனும் அதில் எண் இல்லை. அவ்வாறாயின் அந்தக் கூட்டுத்தொகை குழந்தையின் பெயருக்கு உரியதா, அப்பெயர் அணிந்த ஆங்கிலச் சட்டைக்கு உரியதா? நெடிலைக் காட்ட ஓர் 'ஏ' கூடுதலாக இட்டால் படிப்பவருக்குப் பயனுண்டு. 'பாரி'யை அப்படி எழுதியிருந்தால் 'பரி' ஆகியிருக்க மாட்டான். ஓசைக்கு உதவாமல் அதிர்ஷ்டத்துக்காகச் சேரும் எழுத்தோ, மருந்தகத்திலும் வங்கியிலும் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி விளக்கும் வேலையைத்தான் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் தருகிறது.

இவ்வளவும் ஏன் இன்று பெரிதாகிவிட்டது? முன்பு தமிழ்ப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை தன் பெயரை முதலில் தமிழில் எழுதக் கற்றது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. அதன் பயன்களை நாம் எல்லாரும் துய்க்கிறோம். நான் குறை கூறவில்லை. ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது. தமிழ்ப் பெயரிலிருந்து ஆங்கில எழுத்து பிறந்த காலம் போய், ஆங்கில எழுத்திலிருந்து பிள்ளை தன் தமிழ்ப் பெயரை ஊகிக்கும் காலம் வந்துள்ளது.

பெற்றோரே, பெயரைப் பதியுமுன் ஒரு தாளில் அதைத் தமிழில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். ஆசிரியர்களே, பதிவேட்டைப் பார்த்து ஊகிக்காதீர்கள். ஆண்டின் முதல் வாரத்திலேயே வீட்டாரைத் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நானே பல ஆண்டுகள் ஊகித்தவன்தான். எத்தனை பிள்ளைகளின் பெயரைத் தவறாக எழுதினேனோ!

அந்தச் சிறுவனுக்குப் பறம்பு மலையின் கதையைச் சொல்லி, 'ப'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போடச் சொன்னேன். போட்டான். பிறகு தாளையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ நான் குதிரை இல்லையா, சார்?" என்று கேட்டான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. ஆனால் அடுத்த நாள் முதல் பயிற்சி ஏடு ஒவ்வொன்றிலும் அந்தக் கால் தவறாமல் இருந்தது.