புகைமூட்டமும் நம் வீட்டுச் சுவர்களும்



புகைமூட்டம் சூழ்ந்தால் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்புகிறோம். வீடு பாதுகாப்பானது என்பதே நம் நம்பிக்கை. அது எந்த அளவிற்குச் சரி? நம் நாட்டின் புகைமூட்ட வரலாறே இதற்கு விடை கூறும்.

1997-ஆம் ஆண்டு, எல் நினோ வறட்சியின்போது சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடுகளும், தாவரங்கள் மட்கிய சதுப்பு நிலங்களும் எரிந்தன. செப்டம்பர் 19-ஆம் நாள் சரவாக்கில் அவசரநிலை பிரகடனமானது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே பேராபத்து என்பது கணக்கு. அந்நாளில் இங்கே செங்கில் நாங்கள் ஜன்னல்களைச் சாத்தினோம். மேசைமீது படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, வீடு தூய்மையாகிவிட்டது என்று நம்பினேன். படிந்த தூசியைவிடப் படியாமல் மிதக்கும் தூசியே கொடியது என்பதை அன்று அறியேன்.

2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை. சில ஆண்டுகளாக வெளியிடப்படாதிருந்த குறியீட்டு எண்கள் அப்போதுதான் மீண்டும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. 2013 ஜூனில் நம் அண்டை நகரான மூவாரில் குறியீடு 700-ஐத் தாண்டியது. 2015 அக்டோபரில் மலாக்கா உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன.

இத்தனை ஆண்டுகளும் நம் குறியீடு 10 மைக்ரான் வரையிலான துகள்களையே கணக்கிட்டது. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் 2018-இல்தான் அதில் சேர்க்கப்பட்டன. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இவை, கதவிடுக்கு வழியாகவும் ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்கள் வழியாகவும் நுழைந்து நெடுநேரம் மிதக்கும்; நுரையீரலின் ஆழம்வரை செல்லும். வீட்டைச் சாத்துவதால் இவற்றின் வரவு குறையுமே தவிர நிற்காது. சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் வலையும் இவற்றைப் போதிய அளவில் தடுக்காது.

ஆகவே, புகைமூட்ட நாள்களில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றைத் தவிர்ப்போம். சாத்திய வீட்டில் அவை புகைமேல் புகை சேர்க்கும். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்போம். இயன்றவர்கள் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுத் தூய்மைக் கருவியை ஓர் அறையிலேனும் வைத்துப் பிள்ளைகளை அங்கே உறங்கச் செய்யலாம். வெளியே குறியீடு இறங்கியவுடன் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் உள்ளே தங்கிய புகையையே பிள்ளைகள் தொடர்ந்து சுவாசிப்பர்.

எல்லைகடந்த புகைமூட்டம் குறித்த ஆசியான் உடன்பாடு 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதனை ஏற்க 2014 வரை ஆயிற்று. அரசுகளின் உடன்பாட்டிற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். பிள்ளைகளின் மூச்சு காத்திருக்காது.

அடுத்த முறை பள்ளியை மூடும்போது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். சிந்திப்போம், செயல்படுவோம்.