உள்ளீட்டு ஓடை

'இடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகும். 'கெடு' கேடாவதும் 'சுடு' சூடாவதும் இப்படித்தான். உள்+ஈடு, உள்ளீடு. கணினி வருமுன்பே உள்ளே இருக்கும் சத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. உள்ளீடற்ற பேச்சு என்கிறோமே, அது.

ஜாவா நிரல்மொழியின் 'இன்புட் ஸ்ட்ரீம்' உள்ளீட்டு ஓடை. தாரை என்றும் சொல்லலாம். எனக்கு ஓடை பிடிக்கிறது, 'ஓடு' அதற்குள்ளேயே இருக்கிறது. மாணவர்கள் குழம்புவது திசையில். கோப்பிலிருந்து வெளியே வருவதை ஏன் உள்ளீடு என்கிறோம்? முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குள் நுழையும் கரும்பு, வயலுக்கு வெளியே போன கரும்புதானே. ஜாவாவில் நிரல்தான் ஆலை. எல்லாத் திசையும் அதை வைத்துத்தான்.

இந்த ஓடையில் ஓடுவது எழுத்தல்ல, பைட். 'ரீட்' கட்டளை ஒவ்வொரு முறையும் ஒரு பைட்டை, 0 முதல் 255 வரையுள்ள எண்ணாகத் தரும், தீர்ந்துவிட்டால் -1. 'முண்டியம்பாக்கம்' நமக்கு 9 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனி என்பதால் 16 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 48. ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணி அச்சிட்டால் திரையில் 'à®' என்று குப்பை கொட்டும்.

இதற்காகவே 1997-இல் வந்த ஜாவா 1.1 'ரீடர்', 'ரைட்டர்' என்ற எழுத்தோடைகளைச் சேர்த்தது. 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்பு அமைப்பு. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுவது நல்லது.