பண்டகசாலையும் பூனையும்

கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவினுள் நுழைவோரை முதலில் வரவேற்பது சுக்கு, மிளகு இவற்றின் மணமே. நாம் பண்டகசாலை என்பதை அங்குள்ளோர் பாண்டிகசாலை என்பர். கீழே சரக்கும் மேலே குடும்பமுமாக வாழ்ந்த வீடுகள் துறைமுக நகரங்களுக்குப் புதியன அல்ல. டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலுக்காக இங்கு வந்தவர் என வழிவழியாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பத்தாரின் இல்லங்களிலும், பிறர் துணிமூட்டைகளுக்கு இடம் ஒதுக்கிய பின்னரே தமக்கு இடம் காண வேண்டியிருந்திருக்கும்.

காயலுக்கு அப்பால் இருக்கும் இடப்பள்ளியின் வாழ்க்கை வேறுவகையானது. அங்கே வீட்டைச் சுற்றி முற்றமும் தோட்டமும் இருந்தன; கோழி அங்கே மேய்ந்தது; பாம்புக்குக்கூடக் காவு என ஒரு மூலை விடப்பட்டது. புனித ஜார்ஜ் ஆலயத் திருவிழாவில் கோழி நேர்ச்சை செலுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. 1967 நவம்பர் 1ஆம் நாள் கொச்சி மாநகராட்சி அமைந்தபோது இவ்விரு ஊர்களும் ஒரே நகரின் பகுதிகளாயின. இன்று இடப்பள்ளியில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன, முற்றம் சுருங்கிவிட்டது. ஆகவே பண்டகசாலை வீட்டின் பழைய சிக்கல் அங்கும் குடியேறிவிட்டது எனலாம்.

அச்சிக்கல் யாது? பொருள் குவிந்த இடத்தை எலி நாடும். எலியை நாடிப் பூனை வரும். தொல்காப்பிய மரபியல் வெருகின் குழவிக்கும் எலியின் குழவிக்கும் ‘குட்டி’ என்னும் ஒரே பெயரை ஒரே நூற்பாவில் வகுத்தது. இலக்கணத்தில் உண்டான அந்த இணக்கம் வீட்டில் உண்டானதில்லை.

பூனையின் பெருமையை மருத்துவ உலகம் உரக்கப் பேசிய காலம் ஒன்று உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று கண்டார். பத்தாண்டு கழித்து, 1908இல், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த புக்கானன் என்பார், பூனை மிகுந்த ஊர்களைப் பிளேக் அணுகுவது குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நஞ்சும் பொறியும் செய்யாததைப் பூனை செய்யும் என்பது அவர் துணிபு.

ஆனால் பூனைக்கே அந்நோய் வந்தால் என்னாகும் என்பதை அன்று எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை பூனையின் வழியாகப் பிளேக் தொற்றியவர் 23 பேர். அவருள் ஐவர் இறந்தனர். காவலுக்கு வைத்த உயிரையும் காக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1948இல் வார்ஃபரின் என்னும் எலிநஞ்சு விற்பனைக்கு வந்தது. குருதி உறையாமல் தடுத்து எலியை மெல்ல மெல்லக் கொல்லும் மருந்து அது. அவ்வகை நஞ்சுண்டு தள்ளாடும் எலி பூனைக்கு எளிதில் அகப்படும். நஞ்சு பூனையின் உடலிலும் சேரும். பூனையும் எலிநஞ்சும் ஒரே வீட்டில் இருத்தல் கூடாது என்பதே எம் கருத்து.

2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் இந்நோய் நாய்க்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் வீடுகளில் பொருள் குவிவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. என்றேனும் ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தால் பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. அட்டைப்பெட்டியைக்கூட எறிய மனம் வருவதில்லை. அதனைக் குறை கூற மாட்டோம். எதையும் விடமுடியாமல் சேர்த்துவைக்கும் நிலை சிலரிடம் நோயாகவே முற்றுவதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி வகையாக ஏற்றது. அத்தகையோரை ஏசிப் பயனில்லை.

வீடு முழுவதையும் ஒழிக்க இயலாவிடினும், விலங்குக்கென ஒரு மூலையை ஒழிக்கலாம். உணவு, நீர், கழிவுத் தட்டு மூன்றும் ஒன்றையொன்று நெருங்காதிருக்கட்டும். கட்டிலடி, பீரோவின் பின்புறம் ஆகிய இடங்களில் பூனை சென்று மீளும் வழி வேண்டும். மூட்டைகள் அதன்மேல் சரியாதவாறு தாழ அடுக்கப்பட வேண்டும். நூலும் சணலும் பூனை வயிற்றில் சென்றால் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தெரிந்தாலும் இழுத்தல் ஆகாது. பாச்சை உருண்டையும் அதற்கு நஞ்சே. நோயுற்ற பூனை ஒளிந்துகொள்ளும் இயல்புடையது. பொருள் நிறைந்த வீட்டில் ஒளிவிடம் பல. ஆதலின் நாள்தோறும் ஒருமுறை அதனைக் கண்ணால் கண்டு, உண்டதா என அறிதல் வேண்டும்.

போதிய உணவும் நீரும் இடமும் தராமல் விலங்கை வைத்திருப்பது குற்றம் என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் கூறுகிறது. மாநிலங்களவையில் அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

பக்கத்து வீட்டில் வைத்த நஞ்சையும் நம் பூனை உண்டிருக்கக்கூடும். அவ்வாறு ஐயம் எழுந்தால் நஞ்சின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். வார்ஃபரின் வகைக்கு மாற்றாக வைட்டமின் ‘கே’ தரப்படுகிறது. துத்தநாகப் பாஸ்பைடுக்கோ மாற்று மருந்து இல்லை.