'கந்தீசா': டெல்லி ராக் குழு பாடும் கேரளத்து மன்றாட்டுக்கு என்ன அர்த்தம்?

'இந்தியன் ஓஷன்' குழுவின் 'கந்தீசா' பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். 2000இல் இதே பெயரில் வெளியான ஆல்பத்தில் இருக்கிறது. டெல்லியில் உருவான குழுதான், ஆனால் பாட்டு இந்தியிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. சமஸ்கிருத மந்திரமோ என்று சிலருக்குத் தோன்றும். வாய்க்கு வந்த ஓசை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு.

அப்படியென்றால் என்ன மொழி?

சிரியாக். கேரளத்தின் புனித தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வழிபாட்டில் பயன்படுத்திய மொழி. அராமிக் மொழியின் ஒரு கிளை என்பதால் 'இயேசு பேசிய மொழியில் பாட்டு' என்று பகிர்கிறார்கள். கொஞ்சம் மிகைதான், உறவு மட்டும் நிஜம்.

'கத்தீஷா' என்றால் தூயவர். கேரள நாவில் அது 'கந்தீசா' ஆனது. எபிரேயத்தில் 'கதோஷ்', ஜெருசலேமுக்கு அரபியில் உள்ள பெயரான 'அல் குத்ஸ்' எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. பாட்டில் அடுத்து வரும் 'அலாஹா' என்றால் கடவுள். அரபியின் 'அல்லாஹ்'வுக்கு நெருங்கிய சொந்தம். கடவுளைத் தூயவர், வல்லவர், இறவாதவர் என்று அழைத்து, எங்கள் மீது இரங்கும் என்று கேட்கிறது இந்த மன்றாட்டு. எண்ணிப் பார்த்தால் பத்துச் சொல் தேறும். அதை வைத்துத்தான் மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறுகிறார்கள்.

ஒரு தேதியைக் கவனியுங்கள். சீரோ மலபார் திருச்சபை 1962இல் வழிபாட்டை மலையாளத்துக்கு மாற்றத் தொடங்கியது. மக்களுக்குப் புரிய வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் சிரியாக்கில் பாடி வளர்ந்த தலைமுறை மெல்லச் சுருங்கியது. சுமார் 40 ஆண்டுகள் கழித்து, அந்த மொழியின் ஒரு வார்த்தைகூடத் தெரியாத கல்லூரி மாணவர்கள் வாய்க்கு அது வந்து சேர்ந்தது, ஒரு ராக் குழு வழியாக!

ஏன் ஒரு ராக் குழு இதைப் பாடியது?

1970களின் மேற்கு ஜெர்மனியில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 'கேன்', 'ஃபவுஸ்ட்' போன்ற குழுக்கள் அமெரிக்க ராக்கை நகலெடுக்காமல் வேறு ஓசை தேடின. பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் அதற்கு 'க்ரௌட்ராக்' என்று நக்கலாகப் பெயர் வைத்தன. 'ஃபவுஸ்ட்' குழு 1973இல் சுமார் 12 நிமிட இசைக்கு அதையே தலைப்பாக வைத்துவிட்டது.

1990இல் சுஷ்மித் சென், அசீம் சக்ரவர்த்தி 'இந்தியன் ஓஷனை' ஆரம்பித்தபோது, நம்மூர் ராக் என்றாலே பெரும்பாலும் ஆங்கிலம். இவர்கள் கிதாரோடு தபலாவை வைத்தார்கள். பேஸ் கிதார் வாசிக்கும் ராகுல் ராம், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, நர்மதா போராட்டத்தில் வேலை செய்தவர். அதே ஆல்பத்தில் நர்மதை நதியைப் பாடும் 'மா ரேவா'வும், கோரக் பாண்டே எழுதிய போஜ்புரிப் புரட்சிப் பாடலும் இருக்கின்றன. சர்ச் ஜெபம் அந்த வரிசையில் இயல்பாகவே உட்கார்ந்துகொள்கிறது.

ஜெபத்தை மேடைக்குக் கொண்டுவந்தால் அது வெறும் ஓசை ஆகிவிடாதா? ஆகலாம், அர்த்தம் தெரியாமல் கேட்டால். ஆனால் குழு இதைக் கேலியாகவோ அலங்காரமாகவோ பாடவில்லை.

தாக்கம் என்று பார்த்தால், எண்ணில் அளப்பது கஷ்டம். மலையாளத்தில் 'அவியல்' குழுவின் ஆல்பம் வந்த 2008க்குள், தாய்மொழியில் ராக் பாடுவது விநோதமாகத் தெரியவில்லை. அதற்கு 'கந்தீசா' மட்டும் காரணமில்லை, ஆனால் அதற்கும் பங்குண்டு.

அசீம் 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். சுஷ்மித் 2013இல் விலகினார். பாட்டு மட்டும் அந்தக் குழுவின் மேடையை விட்டு இறங்கவில்லை.