புற்றுநோய்த் திசுப் படிமவியல்

புற்றுநோய்த் திசுப் படிமவியல் என்பது, நோயாளியின் உடலில் இருந்து எடுக்கப்பட்ட திசுவை நுண்நோக்கி வழியே படம் பிடித்து, அதிலுள்ள உயிரணுக்களின் வடிவம், எண்ணிக்கை, அமைவிடம், புரத அளவு ஆகியவற்றை அளந்தறியும் ஆய்வுத்துறை ஆகும். எக்ஸ்-கதிர், சி.டி. ஸ்கேன் போன்றவை உடலை வெளியில் இருந்து படம் எடுப்பவை. இத்துறையோ வெட்டியெடுத்த திசுவை உயிரணு அளவில் ஆராய்கிறது. நோயியல், உயிரியல், ஒளியியல், கணினியியல் ஆகியவை இதில் ஒன்றுசேர்கின்றன. வானியலும் இதற்குத் துணை செய்துள்ளது. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் போன்ற இடங்களில் விண்மீன் படங்களுக்குச் செய்யப்படும் திருத்தங்கள் திசுப் படங்களுக்கும் தேவைப்படுகின்றன.

வரலாறு

திசுவை அழுகாமல் நிலைப்படுத்த ஃபார்மலின் பயன்படும் என்பதை 1893 இல் செருமானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் கண்டறிந்தார். ஹீமட்டாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை 19 ஆம் நூற்றாண்டில் தோன்றி இன்றும் நோயறிதலின் அடிப்படையாக உள்ளது. நடு அமெரிக்க மரமொன்றின் கட்டையில் இருந்து பெறப்படும் ஹீமட்டாக்சிலின் உயிரணுக்கருவை நீலமாக்குகிறது. இயோசின் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்குகிறது.

குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் ஒளிரச் செய்ய, ஒளிரும் சாயம் இணைத்த பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்தும் முறையை 1941 இல் ஆல்பர்ட் கூன்சும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். ஒரே திசுவில் பல புரதங்களைக் காணும் இன்றைய முறைகள் இதன் வழிவந்தவை. கண்ணாடித் தகடு முழுவதையும் எண்ணிமப் படமாக்கும் கருவி ஒன்றை முதன்மை நோயறிதலுக்குப் பயன்படுத்த ஐக்கிய அமெரிக்கா 2017 இல் முதன்முறையாக ஒப்புதல் அளித்தது.

ஆய்வாளரின் பணி

படம் எடுப்பது இப்பணியின் ஒரு சிறு பகுதியே. பெரும்பாலான நேரம் திசுவைத் தயார் செய்வதிலும் பிழைகளைக் களைவதிலும் செலவாகிறது. வழக்கமான படிகள் பின்வருமாறு:

1. நிலைப்படுத்தல்: திசு ஃபார்மலினில் இடப்படுகிறது. பின்னர் நீர் நீக்கப்பட்டு மெழுகில் பதிக்கப்படுகிறது.
2. சீவுதல்: மெழுகுக் கட்டி மைக்ரோடோம் என்னும் கருவியால் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படுகிறது. சீவல் வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிடப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏற்றப்படுகிறது. இங்கு விழும் சிறு மடிப்பும் பின்னர் படத்தில் கரும்பட்டையாகத் தெரியும்.
3. சாயமேற்றல்: ஒவ்வொரு தொகுதியுடனும், விடை முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுத் திசு ஒன்றும் சேர்த்துச் சாயமேற்றப்படுகிறது. அதில் எதிர்பார்த்த நிறம் வராவிட்டால் அத்தொகுதி முழுவதும் ஏற்கப்படுவதில்லை.
4. படமெடுத்தல்: ஒரு படவணு 0.25 மைக்ரோமீட்டரைக் குறிக்கும் அளவில் எடுத்தால், 15 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத் திசுவின் படத்தில் 360 கோடி படவணுக்கள் இருக்கும். சுருக்கப்படாத நிலையில் இது ஏறத்தாழ 10 கிகாபைட் ஆகும்.
5. அளவிடல்: கணினி நிரல் ஒவ்வொரு உயிரணுக்கருவின் எல்லையையும் வரைந்து, அதன் பரப்பு, வடிவம், நிறச்செறிவு ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. நிரல் வரைந்த எல்லைகளை நோயியல் வல்லுநர் ஒருவர் சரிபார்க்கிறார்.

இமேஜ்-ஜே, செல்புரொஃபைலர், கியூபாத் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இப்பணியில் பரவலாகப் பயன்படுகின்றன.

ஆய்வாளர் நோயறிதல் முடிவை வழங்குவதில்லை. அது தகுதி பெற்ற நோயியல் வல்லுநரின் பொறுப்பு. ஆய்வாளருக்குப் பெரும்பாலும் நோயாளியின் பெயர் தெரிவதில்லை. குறியீட்டு எண் மட்டுமே தரப்படும். எந்த மாதிரி எந்த மருத்துவக் குழுவைச் சேர்ந்தது என்பதை அறியாமல் அளவிடுவது, எதிர்பார்ப்பு முடிவைப் பாதிக்காமல் தடுக்கிறது. திசுவை ஆய்வுக்குப் பயன்படுத்த நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெறப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டுகின்றன.

அளவீட்டின் முக்கியத்துவம்

மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்னும் புரதத்தின் அளவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உயிரணுச் சவ்வில் தோன்றும் பழுப்பு நிறத்தின் செறிவையும் முழுமையையும் கொண்டு திசுவுக்கு 0, 1+, 2+, 3+ என மதிப்பெண் இடப்படுகிறது. 3+ பெற்றவர்களுக்கு, 1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் பயன்படும். 2+ எனில் மரபணுச் சோதனை தேவை. 0, 1+ இரண்டும் நீண்ட காலம் எதிர்மறை என்றே கொள்ளப்பட்டன. ஆனால் 2022 இல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்னும் மருந்து, ஹெர்-2 குறைவாக உள்ள, பரவிய மார்பகப் புற்றுநோய்க்கும் ஒப்புதல் பெற்றது. அதன்பின் 0 க்கும் 1+ க்கும் இடையிலான மெல்லிய நிற வேறுபாடும் சிகிச்சையைத் தீர்மானிப்பதாயிற்று.

இந்த நிறம் நோயை மட்டும் சார்ந்ததன்று. திசு ஃபார்மலினை அடையத் தாமதமானாலோ, அதில் மிகக் குறைந்த நேரமே இருந்தாலோ நிறம் மங்கலாம். எனவே திசுவை 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும் என்றும், 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் வைக்க வேண்டும் என்றும் அமெரிக்க வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. தயாரிப்பில் நேர்ந்த குறையைப் பிற்பாடு எந்த மென்பொருளாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

வானியலுடன் தொடர்பு

காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தை பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துகிறது. இதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் தொடங்கி வைக்கப்பட்டது. தொலைநோக்கியில் பதிவாகும் படத்தை வானியலாளர்கள் அப்படியே பயன்படுத்துவதில்லை. ஒளியே இல்லாதபோதும் உணரியில் பதிவாகும் அளவு கழிக்கப்படுகிறது. சீரான ஒளியுள்ள அந்தி வானத்தையோ திரையையோ படமெடுத்து, உணரியின் பகுதிகளுக்கு இடையிலான உணர்திறன் வேறுபாடு சரிசெய்யப்படுகிறது.

நுண்நோக்கியிலும் இதே குறைகள் உள்ளன. படத்தின் நடுப்பகுதி பொலிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் அமைவது வழக்கம். திசு இல்லாத வெற்றிடத்தைப் படமெடுத்து இதைத் திருத்துகின்றனர். திருத்தாவிட்டால் ஓரத்தில் உள்ள உயிரணுக்களில் புரதம் குறைவு என்ற தவறான முடிவு கிடைக்கும். நெருக்கமான விண்மீன்களைத் தனித்தனியே பிரித்து எண்ணுவதும், ஒன்றையொன்று தொடும் உயிரணுக்கருக்களைப் பிரிப்பதும் ஒத்த சிக்கல்களே.

இவ்வொற்றுமை நேரடியாகவும் பயன்படுத்தப்பட்டுள்ளது. கேம்பிரிட்ஜின் வானியலாளர்களும் புற்றுநோய் ஆய்வாளர்களும் இணைந்து, விண்மீன்களைக் கண்டறியும் நிரல்களைக் கொண்டு 2,000 க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய் மாதிரிகளை ஆராய்ந்து 2013 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வானப் பெருவரைபடத் திட்டத்தின் முறைகளைத் தழுவி உருவான ஆஸ்ட்ரோபாத் 2021 இல் வெளியிடப்பட்டது. இது மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பயனை முன்கணிக்க உதவுகிறது.

இந்தியாவில்

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. இக்கழகம் 2025 இல் மார்பகப் புற்றுநோய்க்கான பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுதி வரைபடத்தை வெளியிட்டது.

கௌகாத்தி இந்தியத் தொழில்நுட்பக் கழகக் குழுவினர் 2017 இல், 7 உறுப்புகளின் திசுப் படங்களில் 21,000 க்கும் மேற்பட்ட உயிரணுக்கருக்களின் எல்லைகளைக் குறித்துத் தரவுத்தொகுதி ஒன்றை வெளியிட்டனர். கணினி நிரல்களைப் பயிற்றவும் ஒப்பிடவும் இது உலகெங்கும் பயன்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் 1928 இல் கண்டறிந்த இராமன் விளைவைக் கொண்டு, சாயம் எதுவுமின்றித் திசுவின் வேதியியல் தன்மையை அறியும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

குறைபாடுகள்

ஒரே திசுவின் நிறம் ஆய்வகத்துக்கு ஆய்வகம், கருவிக்குக் கருவி வேறுபடும். ஒரு மருத்துவமனையின் படங்களில் பயின்ற நிரல் வேறொரு மருத்துவமனையின் படங்களில் பிழை செய்யக்கூடும். நிறத்தைச் சீராக்கும் கணிப்பு முறைகள் இதனைக் குறைக்கின்றனவே தவிர நீக்குவதில்லை. எனவே பிற இடங்களில் இருந்து பெறப்பட்ட படங்களிலும் சோதித்த பின்னரே ஒரு முறை நம்பத்தக்கதாகக் கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

திசுவியல்
நுண்நோக்கி
வைணு பாப்பு வானாய்வகம்
இராமன் விளைவு