தோட்டத்து ஆஸ்பத்திரி யாருடையது?

இலங்கையின் இலவச சுகாதார சேவையை உலகமே மெச்சுகிறது. நாங்களும் அதைப் பாடப்புத்தகத்தில் படித்துத்தான் வளர்ந்தோம். ஆனால் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத் தோட்டங்களில் ‘ஆஸ்பத்திரி’ என்றால் ரொம்பக் காலமாக அது அரசாங்கத்து ஆஸ்பத்திரி இல்லை, தோட்ட நிர்வாகத்து ஆஸ்பத்திரி. ஒரே நாட்டில் இரண்டு சுகாதார முறை எப்படி வந்தது?

கோப்பிக் காலத்திலேயே ஆரம்பித்த கதை இது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளி நோயில் விழுந்தால் முதலாளியே பார்க்க வேண்டும் என்றது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஜெயில் என்றதும் அதே சட்டம்தான். 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1912இல் அதைத் திருத்தி விரித்தார்கள். இவற்றால் மாவட்ட ஆஸ்பத்திரிகளும் தோட்ட டிஸ்பென்சரிகளும் வந்தது உண்மை. ஆனால் நம் ஆட்களின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ‘தோட்டம்’ என்ற பதிலும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கொக்கிப்புழு காட்டிக் கொடுத்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அமைப்பு இங்குள்ள தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. செருப்பில்லாத கால் வழியாக ஏறி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு அது இருந்தது. இரத்தம் இல்லாத உடம்பு கொழுந்து பறிக்காது என்பதால் மருந்து கொடுப்பதைத் தோட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். லயத்துக்கு மலசலகூடம் கட்டு என்றபோதுதான் செலவைக் காட்டி இழுத்தடித்தார்கள். மலசலகூடம் இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு திரும்பி வரும். வந்தது.

அந்த அனுபவத்திலிருந்து பாடம் படித்து, அதே அமைப்பின் உதவியோடு 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவை அரசாங்கம் தொடங்கியது. வீடு தேடி வரும் மருத்துவிச்சி, தடுப்பூசி, சுகாதாரப் பரிசோதகர் என்று இன்று நாடு பெருமைப்படும் முறை அங்கிருந்துதான் கிளை விட்டது. பாடம் தோட்டத்தில் கிடைத்தது, பலன் முதலில் கிராமத்துக்குப் போனது.

ஏன் இப்படி? வாக்குரிமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பிறகு கிராமத்து ஆட்கள் தங்கள் உறுப்பினரிடம் ஆஸ்பத்திரி கேட்டார்கள், வாங்கினார்கள். நம் ஆட்களுக்கோ 1948இன் குடியுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது, அடுத்த வருசமே வாக்கும் போனது. வாக்கில்லாதவர் கேட்டால் யார் கட்டிக் கொடுப்பார்? நாடு இலவச சுகாதாரத்தைக் கட்டி எழுப்பிய அதே வருசங்களில் நாம் நாடற்றவர்களாக இருந்தோம்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதன் பின் மருத்துவிச்சிகளும் தடுப்பூசியும் திருத்தப்பட்ட பிள்ளைக் காம்பராக்களும் வந்தன, 1980களில் சிசு மரணம் நன்றாகவே குறைந்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பது என்று 1990களில் முடிவானது. சிலதை எடுத்தார்கள், பலதை எடுக்கவில்லை.

இந்த இழுபறி நடுவில் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். சனம் அவரை ‘டொக்டர் ஐயா’ என்றுதான் கூப்பிடும். ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். டொக்டர் இல்லை, சம்பளம் தருவது தோட்டம். காய்ச்சலோடு வரும் அக்கா மருந்து மட்டுமா கேட்கிறார்? “ஐயா, ஒரு துண்டு குடுங்க” என்றும் கேட்கிறார். வேலைக்குப் போகாததற்குக் காரணம் காட்ட அந்தத் துண்டு வேண்டும். துண்டு கொடுத்தால் மலையில் ஆள் குறையும் என்று நிர்வாகம் முகம் சுளிக்கும், கொடுக்காவிட்டால் சனம் திட்டும். அவரைச் சும்மா குறை சொல்லிவிட முடியாது. இரண்டு எஜமானுக்கு நடுவில் நிற்கும் வேலை அது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் சரியா? டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நல்ல விசயம். ஆனால் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதா மாதம் கிளினிக் போக ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். அங்கே தமிழ் பேசும் ஆள் இல்லாவிட்டால் நோயை அரைகுறையாகச் சொல்லிவிட்டு, மருந்தை எப்படிக் குடிப்பது என்று முழுசாகப் புரியாமல் திரும்ப வேண்டும். அதனால்தான் பலர் மாத்திரையை இடையில் விட்டுவிடுகிறார்கள். அதைச் ‘சனத்தின் அறியாமை’ என்று சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

2016இன் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம். தோட்டங்களில் 31.7. இந்த வித்தியாசத்தை மாத்திரையால் மட்டும் சரிசெய்ய முடியாது. சம்பளம், லயம், தண்ணீர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. கொக்கிப்புழுக் காலத்தில் மலசலகூடத்தைத் தள்ளிப்போட்ட அதே கணக்குத்தான்.

ஒருங்கிணைந்த ஆரம்ப சுகாதாரம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அரசாங்கப் பெயர்ப்பலகை மாட்டுவதை மட்டும் நாம் அப்படிச் சொல்லக்கூடாது. வேலை விட்ட பிறகும் திறந்திருக்கும் கிளினிக், தமிழ் பேசும் தாதியும் மருத்துவிச்சியும், பேர் வெட்டாத கிளினிக் நாள், துண்டு எழுதுபவருக்கு அரசாங்கச் சம்பளம். இவ்வளவும் வேண்டும். இப்போது வாக்கு நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கோயிலுக்குத் தகரம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்போம்.